வரிப்பணம் திரும்பி வந்தது, வயலின் வாங்கினோம்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் உள்ளவர்கள் முழுதாக வாசியுங்கள். இல்லாதவர்கள் வரிக் கணக்கு வருகிற பகுதியையாவது வாசியுங்கள், யாருக்காவது உதவும்.

சம்பளத்தில் மாதாமாதம் வரி வெட்டுப்பட்டபோது அதைப் பற்றி ஊரில் ஒருவரும் எங்களிடம் கேட்கவில்லை. வெட்டியதில் ஒரு பகுதி திரும்பி வந்திருக்கிறது என்று தெரிந்ததும் அதை எப்படிச் செலவழிக்க வேண்டும் என்று ஆளுக்கு ஒரு திட்டம் சொன்னார்கள். கூரைத் தகடு மாற்றலாம். அடகில் கிடக்கிற வளையலை மீட்கலாம். சீட்டுக் கட்டலாம். பிள்ளையைக் கணித ரியூஷனுக்குப் போடலாம். நாங்கள் மகளுக்கு ஒரு புது வயலின் வாங்கினோம்.

அதன் பிறகு வந்த கேள்விகளை மூன்றாகப் பிரிக்கலாம். வேலை ஒன்று போன வீட்டில் இந்தச் செலவு தேவையா? வாங்குவதென்றாலும் பழையது ஒன்று வாங்கியிருக்கக் கூடாதா? எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு முஸ்லிம் வீட்டில் வயலினா? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிக் களைத்துவிட்டோம். ஆகவே இந்தப் பதிவு.

முதலில் பணம் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறோம். ஏனென்றால் சிலர் இதை ஏதோ அரசாங்க உதவித்தொகை என்று நினைக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் இரண்டு சம்பளம் இருந்தது. ஒன்று ஆசிரியர் சம்பளம், அது வரி எல்லையைத் தொட்டதில்லை. மற்றது ஒரு தொண்டு நிறுவனத் திட்டத்தில் கிடைத்த மாதம் 160,000 ரூபா. 2024 ஏப்ரலில் தொடங்கிய வரி வருடத்தில் பத்து மாதம் அந்தச் சம்பளம் வந்தது. 2025 ஜனவரியோடு திட்டம் முடிந்தது, வேலையும் முடிந்தது.

அந்த வருடம் வரி விலக்கு வருடத்துக்கு 12 இலட்சம், அதாவது மாதத்துக்கு ஒரு இலட்சம். அதற்கு மேலே முதல் 5 இலட்சத்துக்கு 6 வீதம், அடுத்த 5 இலட்சத்துக்கு 12 வீதம், அப்படியே படிப்படியாக 36 வீதம் வரை. மாதக் கணக்கில் பார்த்தால் 160,000 இல் ஒரு இலட்சம் போக 60,000 மிச்சம். அதில் 41,667 க்கு 6 வீதம் 2,500 ரூபா. மீதி 18,333 க்கு 12 வீதம் 2,200 ரூபா. ஆகவே மாதம் 4,700 ரூபா வெட்டுப்பட்டது. பத்து மாதத்துக்கு 47,000.

இப்போது வருடக் கணக்கைப் பாருங்கள். பத்து மாதத்தில் வந்த மொத்தச் சம்பளம் 16 இலட்சம். 12 இலட்சம் விலக்குப் போக மிச்சம் 4 இலட்சம். அது முழுவதும் முதல் படிக்குள்ளேயே அடங்கிவிடும். 6 வீதப்படி 24,000 ரூபாதான் வரி. கட்டியதோ 47,000. கூடுதலாகப் போனது 23,000 ரூபா.

இதில் யாருடைய குற்றமும் இல்லை. மாதாமாதம் வரி வெட்டுகிற முறை, நீங்கள் பன்னிரண்டு மாதமும் அதே சம்பளம் எடுப்பீர்கள் என்று வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. இடையில் வேலை போனால் அந்தக் கணக்குப் பிழைக்கும். திருத்திக் கேட்பது எங்கள் பொறுப்பு. வேலை செய்த இடத்தில் ரி-10 என்கிற வரிச் சான்றிதழை எடுத்தோம். வரி இலக்கம் ஏற்கனவே இருந்தது. நவம்பர் 30 க்கு முன்னர் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் இணையத்தளத்தில் வருமான அறிக்கையைப் பதிந்து, மிகையைத் திருப்பித் தரும்படி கேட்டோம். பொறுமை வேண்டும். ஆனால் வந்தது.

இதை இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. வன்னியில் எங்களைப் போல ஒப்பந்த வேலை செய்கிறவர்கள் நிறையப் பேர். திட்டம் வரும், இரண்டு வருடம் ஓடும், இடையில் நிற்கும். வருட நடுவில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், வருட நடுவில் வேலையை விட்டவர்கள், சம்பளமில்லா விடுமுறையில் போனவர்கள் எல்லோரும் தங்கள் ரி-10 ஐ ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். 2025 ஏப்ரலில் இருந்து விலக்கு மாதம் 150,000 ஆகிவிட்டது. முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம். அதே 160,000 சம்பளத்துக்கு இப்போது மாதம் 600 ரூபாதான் வரி. இனி எங்களைப் போல 23,000 திரும்பி வருவது குறையும். அது நல்ல விடயம்தான். ஆனால் வைப்புப் பணத்தின் வருமானத்தில் வெட்டுகிற வரி அதே திகதியில் 5 வீதத்தில் இருந்து 10 வீதமாகக் கூடியிருக்கிறது. வருட வருமானம் 18 இலட்சத்துக்குக் கீழே உள்ள ஓய்வுபெற்ற சேர்மாரும் ரீச்சர்மாரும் வங்கியில் சுயபிரகடனப் படிவம் கொடுத்தால் அந்த வெட்டு நிற்கும்.

இனிக் கேள்விகளுக்கு வருகிறோம்.

வேலை போன வீட்டில் இது தேவையா?

நியாயமான கேள்வி. எங்கள் மார்க்கம் கடனைப் பற்றி எவ்வளவு கண்டிப்பாகப் பேசுகிறது என்பது எங்களுக்கும் தெரியும். தவணை தவறிய கடன் ஒன்று இருந்திருந்தால் அந்த 23,000 அங்கேதான் போயிருக்கும், வயலின் பற்றிப் பேச்சே இருந்திருக்காது. எங்கள் தவணைகள் தவறவில்லை. வேலை முடிந்த மாதமே மற்றச் சம்பளத்துக்குள் அடங்குகிற மாதிரி வீட்டுச் செலவைச் சுருக்கிக்கொண்டோம். இரண்டாவது மோட்டார் சைக்கிளை விற்றோம். அதையெல்லாம் யாரும் பார்த்துக் கருத்துச் சொல்லவில்லை.

23,000 ரூபாவை வீட்டுச் செலவோடு கலந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கரன்ட் பில், காஸ், மீன், யாரோ ஒருவருடைய கல்யாணத்துக்குக் கொடுக்கல், பஸ் காசு. ஒரு மாதத்தில் அடையாளம் இல்லாமல் போயிருக்கும். எங்கள் வீடுகளில் வருகிற பணம் எல்லாமே அப்படித்தான் போகிறது. நெல்லுக் காசு வந்தாலும் அப்படித்தான், போனஸ் வந்தாலும் அப்படித்தான். பசியில்லாத ஒரு வீட்டில், வருடத்துக்கு ஒருமுறை கையில் வருகிற ஒரு தொகையை, பத்து வருடம் நிலைத்து நிற்கிற ஒரு பொருளாக மாற்றுவது ஊதாரித்தனம் என்று நாங்கள் நினைக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதே 23,000 ஐக் கணித ரியூஷனுக்குக் கட்டினோம் என்று சொல்லியிருந்தால் அத்தனை பேரும் மாஷா அல்லாஹ் சொல்லியிருப்பார்கள். ரியூஷன் காசு கரைந்துபோகிற காசு. அதைக் கட்டாமல் விட்டால் பாவம் என்று ஊர் நினைக்கிறது. நாங்களும் வகுப்பறையில் இருக்கிறவர்கள்தான். தரம் 6 இல் இருந்து ஒவ்வொரு பிள்ளையும் சித்திரம், சங்கீதம், நடனம், நாடகம் இவற்றில் ஒன்றைக் கட்டாயம் படிக்க வேண்டும் என்று பாடத்திட்டம் சொல்கிறது. அந்தப் பாடத்தை "சும்மா பாடம்" என்று பிள்ளைக்கு முன்னாலேயே சொல்கிற பெற்றோரை நாங்கள் ஒவ்வொரு தவணையும் காண்கிறோம். பிறகு பரீட்சையில் அதே சும்மா பாடத்தில் ஏ எடுக்கவில்லை என்று ஏசுகிறவர்களும் அவர்கள்தான்.

மகள் தரம் 9 இல் கர்நாடக சங்கீதம் படிக்கிறாள். அவளுடைய வகுப்பில் முப்பதுக்கு மேல் பிள்ளைகள், பாவிக்கக்கூடிய வயலின் மூன்று. ஒரு பிள்ளைக்குக் கிழமைக்குப் பத்து நிமிடம் கையில் கிடைத்தால் அதிர்ஷ்டம். வயலினில் வீணையைப் போல மெட்டு இல்லை. ஸ்வரம் எங்கே இருக்கிறது என்று கண் காட்டாது, விரல்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அந்தத் தேடல் வீட்டில், தினமும், மற்றவர்கள் காதைப் பொத்திக்கொள்கிற அந்த முதல் ஆறு மாதத்தில்தான் நடக்கும். கருவி வீட்டில் இல்லாத பிள்ளைக்கு வயலின் படிப்பிப்பது, கொப்பி இல்லாத பிள்ளைக்குக் கணக்குப் படிப்பிப்பது மாதிரி.

பழையது போதாதா?

போதும்தான். நல்ல பழைய வயலின் மட்டமான புதியதை விடச் சிறந்தது என்று சங்கீத ரீச்சரே சொன்னார். வெளிநாட்டில் இருந்து ஒன்று எடுத்துத் தரலாம் என்று சொன்ன அன்பான மனிதர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு எங்கள் நன்றி. ஆனாலும் புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் பிடிவாதமாக இருந்தோம். அதற்கான காரணம் வன்னியில் இருக்கிறது.

எங்கள் குடும்பம் முல்லைத்தீவு தண்ணீரூற்றைச் சேர்ந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கில் இருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எங்கள் பெரியவர்களும் புத்தளம் போனார்கள். அங்கே நாங்கள் வளர்ந்தது ஓலைக் கொட்டிலில், நிவாரண அட்டையில். போட்ட சட்டை யாரோ தந்தது. படித்த புத்தகம் யாரோ படித்து முடித்தது. 2009 க்குப் பிறகு திரும்பி வந்து பார்த்தால், கிளிநொச்சியில் இருந்து முள்ளிவாய்க்கால் வரை நடந்து, முகாமில் இருந்து மீண்டு வந்த எங்கள் தமிழ் அயலவர்களின் பிள்ளைகளும் அதே நிலையில் நின்றார்கள். இரண்டு சமூகத்துக்கும் ஓடுகிறபோது கையில் எதை எடுப்பது என்று தெரியும். அரிசி எடுப்பார்கள், அடையாள அட்டை எடுப்பார்கள், நகை எடுப்பார்கள். ஹார்மோனியத்தையும் மிருதங்கத்தையும் றபானையும் யாரும் தூக்கிக்கொண்டு ஓட மாட்டார்கள். ஒரு ஊரின் இசை முதலில் வாசலிலேயே விடுபட்டுப் போகும். திரும்பி வருகிறபோது கடைசியாகத்தான் வரும்.

அதன் பிறகு வன்னிப் பிள்ளைகளுக்குக் கிடைத்ததெல்லாம் அன்பளிப்பு. சைக்கிள் அன்பளிப்பு, பாடசாலைப் பை அன்பளிப்பு, கொப்பி அன்பளிப்பு. எல்லாவற்றிலும் ஒரு நிறுவனத்தின் பெயர் இருக்கும். வாங்குகிறபோது வரிசையில் நின்று படம் எடுக்க வேண்டும். தந்தவர்களைக் குறை சொல்ல வரவில்லை, அந்த உதவிகள் இல்லாமல் நாங்கள் இல்லை. ஆனால் வகுப்பில் ஒரு பிள்ளை தன் பொருளை எப்படிப் பிடிக்கிறது என்று பார்த்தால் வித்தியாசம் தெரியும். நன்றி சொல்லி வாங்கிய பொருளைப் பிள்ளை பயத்தோடு பிடிக்கும், உடைந்தால் யாருக்குப் பதில் சொல்வது என்று. உம்மா வாப்பா உழைத்து வாங்கிய பொருளை உரிமையோடு பிடிக்கும். இசை படிக்கிற பிள்ளைக்கு அந்த உரிமை வேண்டும்.

அதனால்தான் இந்தக் குறிப்பிட்ட பணம் எங்களுக்கு முக்கியமாகப் பட்டது. இதில் யாருடைய தயவும் இல்லை. உழைத்த சம்பளம், கூடுதலாகப் போய், கணக்குக் காட்டித் திரும்பி வந்தது. படம் எடுக்காமல் வாங்கிய பொருள்.

இன்னொரு வேடிக்கை. 2024 ஜனவரியில் இருந்து வற் வரி 18 வீதம். 23,000 ரூபா விலைக்குள் வற் சேர்ந்திருந்தால் அதில் சுமார் 3,500 ரூபா வரி. அரசாங்கம் திருப்பித் தந்ததில் ஒரு பங்கைக் கடை வழியாகத் திரும்ப எடுத்துக்கொண்டது. பிள்ளையின் வயலினுக்கும் பெரிய ஹோட்டலின் அலங்கார விளக்குக்கும் ஒரே வீதமா என்று கேட்கிற உரிமை வரி கட்டியவர்களுக்கு இருக்கிறது. கனடாவில் 2011 இல் இருந்து சில வருடங்கள், பிள்ளையை இசை, நடன வகுப்புக்கு அனுப்புகிற கட்டணத்தில் 500 டொலர் வரை காட்டி 15 வீதத்தை வரியில் குறைத்துக்கொள்ளலாம் என்று ஒரு சலுகை இருந்தது. ரொறொன்ரோவில் உள்ள எங்கள் ஊர்க்காரர் பலருக்கு ஞாபகம் இருக்கும். 2017 இல் அதை நிறுத்திவிட்டார்கள். பணக்கார நாட்டிலேயே இசைக்கான சலுகைதான் முதலில் வெட்டுப்படுகிறது. ஆகவே நாங்கள் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. பாடசாலைக்குப் பத்து வயலின், அதைப் பிள்ளை கையெழுத்து வைத்து நூலகப் புத்தகம் போல வீட்டுக்கு எடுத்துப் போக ஒரு ஏற்பாடு. வலயங்களும் பழைய மாணவர் சங்கங்களும் மனம் வைத்தால் செய்யக்கூடியது. பரிசளிப்பு விழாவுக்குக் கட்டுகிற பந்தல் செலவில் ஒரு பகுதி போதும்.

கடைசிக் கேள்வி. முஸ்லிம் வீட்டில் வயலினா?

நாங்கள் ஃபத்வா கொடுக்க வரவில்லை. உள்ளதை உள்ளபடி சொல்கிறோம். நான்கு மத்ஹபுகளிலும் பெரும்பான்மை அறிஞர்கள் நரம்பு வாத்தியங்களையும் ஊது வாத்தியங்களையும் தடுத்திருக்கிறார்கள். தஃபுக்குக் கல்யாணத்திலும் பெருநாளிலும் அனுமதி உண்டு. மறுபக்கம், அந்தலூசியாவின் இப்னு ஹஸ்ம் தடுக்கிற ஹதீஸ்கள் ஆதாரபூர்வமானவை அல்ல என்று வாதிட்டார். இமாம் கஸ்ஸாலி தன் இஹ்யாவில் ஸமாவுக்கென்றே ஒரு தனி நூல் ஒதுக்கி, எது ஆகும், எது ஆகாது என்று பிரித்து எழுதினார். அவரும் குடிகாரர் கூட்டத்தின் வாத்தியங்களை விலக்கத்தான் செய்தார். ஆக, கருத்து வேறுபாடு பழையது, பெரிய மனிதர்களுக்கு இடையிலானது. பெரும்பான்மைக் கருத்தைப் பின்பற்றித் தன் வீட்டில் வாத்தியம் வேண்டாம் என்கிறவரை நாங்கள் மதிக்கிறோம். அவருடைய வீட்டுக்குப் போகிறபோது மகள் வயலினைக் கொண்டுபோக மாட்டாள்.

ஆனால் இரண்டு விடயங்களைச் சொல்லத்தான் வேண்டும். கல்யாண மண்டபத்தில் ஆளுயர ஸ்பீக்கர் கட்டிச் சினிமாப் பாட்டுப் போடுகிறபோது கேட்காத கேள்வியை, ஒரு பிள்ளை ஸ்வரம் பழகுகிறபோது மட்டும் கேட்பது சரியா? பாட்டை விலைக்கு வாங்கிக் கேட்கலாம், படித்து வாசிக்கக் கூடாது என்று ஆகிவிட்டால் அது மார்க்கப் பேணுதல் ஆகாது, சோம்பல் ஆகிவிடும்.

இரண்டாவது, இது எங்களுக்கு அந்நியமான பொருள் என்கிற பேச்சு. வில்லால் இழுத்து வாசிக்கிற வாத்தியங்கள் ஐரோப்பாவுக்குப் போனதே முஸ்லிம் நாடுகளின் ரபாப் வழியாகத்தான் என்று இசை வரலாறு சொல்கிறது. பத்தாம் நூற்றாண்டில் அல்ஃபாராபி எழுதிய பெரிய இசை நூலில் ரபாப் பற்றி வருகிறது. அதன் பேரப்பிள்ளையான வயலின் வெள்ளைக்காரரோடு தென்னிந்தியாவுக்கு வந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அதைக் கர்நாடக சங்கீதத்துக்குள் கொண்டுவந்தார். அரபியில் தொடங்கி, ஐரோப்பாவில் உருமாறி, தமிழில் வந்து தரையில் உட்கார்ந்த வாத்தியம். அதை யார் யாருக்கு அந்நியம் என்பது? ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்த ஷேக் சின்ன மௌலானா சாஹிப் நாதஸ்வரத்தில் எட்டிய உயரத்துக்கு 1998 இல் சங்கீத கலாநிதி விருது கொடுத்தார்கள். அவர் தொழுகையையும் விடவில்லை, நாதஸ்வரத்தையும் விடவில்லை.

எங்கள் மகளின் சங்கீத ரீச்சர் ஒரு தமிழ் ரீச்சர். பாடசாலை விட்ட பின்னும் அரை மணித்தியாலம் கூட இருந்து சொல்லிக் கொடுக்கிறார், ஒரு சதம் வாங்குவதில்லை. ஜும்ஆ நாளில் நேரத்தை மாற்றித் தருகிறார். நோன்பில், களைப்பாய் இருந்தால் கேட்டால் போதும், வாசிக்க வேண்டாம் என்கிறார். வன்னியில் நல்லிணக்கம் பற்றி எத்தனையோ செயலமர்வுகளில் உட்கார்ந்திருக்கிறோம். சாப்பாட்டுப் பொதி நன்றாக இருக்கும். ஆனால் அந்த அரை மணித்தியாலத்தில் நடக்கிறது அவற்றில் நடந்து நாங்கள் கண்டதில்லை.

வாங்க நினைக்கிறவர்களுக்கு எங்கள் அனுபவத்தில் சில வார்த்தை. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள், கையை நீட்டி அளவு பார்க்க வேண்டும். அரை, முக்கால், முழு அளவு என்று இருக்கிறது. சின்னப் பிள்ளைக்கு "வளர்ந்த பிறகும் உதவும்" என்று முழு அளவு வாங்கினால் கை வலிதான் மிஞ்சும். முறுக்காணிகள் இறுக்கமாக நிற்கின்றனவா என்று பாருங்கள். வில்லையும் ரொசினையும் மேலதிக நரம்பு ஒரு செட்டையும் சேர்த்து விலை பேசுங்கள். எங்கள் வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அலுமாரி மேல் வைக்காதீர்கள், பசை விட்டுவிடும். முடிந்தால் சங்கீத ரீச்சரையோ சேரையோ கூட்டிப் போங்கள். அவர்கள் ஒரு இழுப்பில் சொல்லிவிடுவார்கள்.

மகள் பெரிய வித்துவானாக வருவாளா என்று கேட்டவர்களுக்கும் பதில் இதுதான். தெரியாது. கணிதம் படிக்கிற பிள்ளைகள் எல்லோரும் கணித மேதையாக வருகிறார்களா என்று நாங்கள் யாரிடமும் கேட்டதில்லை. அவளுக்குத் தன் விரலால் ஒரு ஸ்வரத்தைத் தேடிப் பிடிக்கத் தெரிய வேண்டும், பிழைத்தால் அது பிழை என்று அவளுடைய காதுக்கே தெரிய வேண்டும். அவ்வளவு போதும். இந்த நாட்டில் பிழையைத் தன் காதாலேயே கேட்டுத் திருத்துகிற ஆட்கள் குறைவு.

உங்கள் ரி-10 ஐத் தேடி எடுங்கள். கணக்குப் பாருங்கள். வரவேண்டியது இருந்தால் வெட்கப்படாமல் கேளுங்கள், அது உங்கள் உழைப்பு. கடன் இருந்தால் கடனைக் கட்டுங்கள். கடன் இல்லாவிட்டால், கூரைத் தகடு பற்றி முடிவெடுக்கிறதுக்கு முன்னால் வீட்டில் இருக்கிற பிள்ளையிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

கருத்து வேறுபடுகிறவர்கள் கீழே தாராளமாக எழுதுங்கள். மகளும் வாசிப்பாள், அதை மட்டும் மனதில் வைத்து எழுதுங்கள்.